புதுப்பேட்டைக்குப் போன ‘புயல்’!

கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க பாஸ். வியாழக்கிழமை சாயங்காலம். மாமல்லபுரத்தில் மீன் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, இ.சி.ஆர் ரோட்டில் சென்னையை நோக்கித் திரும்பி வருகிறீர்கள். ஓட்டுவது ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. பைக்கில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளும் அந்த நொடியில், முன்னால் வெள்ளைக் கோடுகூடப் போடாத ஒரு ஸ்பீடு பிரேக்கர்...

‘டங்!’

அதற்குப் பிறகு உங்கள் கார், கார் மாதிரி சத்தம் போடாது. டிராக்டர் மாதிரி போடும்!

எங்களுக்கு நடந்தது அதுதான். இறங்கிக் குனிந்து பார்த்தால், சைலன்சர் பைப் உடைந்து தரையைத் தொட்டுக்கொண்டு ஊஞ்சலாடுகிறது. டீக்கடையில் கம்பி வாங்கி எப்படியோ இழுத்துக் கட்டினோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. மேல் துணியை மாட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ‘டபடப’வென்று வீடு வந்து சேர்ந்தோம். வந்து இறங்கியபோது ரெண்டு பேருக்கும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. ‘பகல் பூரா வெயில்ல சுத்தினோம்ல’ என்று சொல்லிக்கொண்டு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டோம். அந்தத் தலைவலியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறம் வரும்!

முக்கியமான விஷயத்தைச் சொல்லலையே... அந்த கார் எங்களுடையது இல்லை. நண்பனின் மாமாவுடையது. அவர் கோயம்புத்தூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வருகிறார். ‘வண்டியை வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி மட்டும் வைடா’ என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். நாங்கள் ஸ்டார்ட் பண்ணினோம். என்ன, நிறுத்தினது மாமல்லபுரத்தில்!

இது நம்ம ஊரு ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னதும் ஃபெராரி ரேஞ்சுக்குப் போயிடாதீங்க. இது சான் ஸ்டார்ம். உங்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டே இருக்க மாட்டீங்க. 1990-களின் கடைசியில் நம்ம இந்தியாவிலேயே, கோவாவில் தயாரான குட்டி ரெண்டு சீட்டர். இன்ஜின் ரெனால்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல். பாடி இரும்பு இல்லை, ஃபைபர். எண்ணிக்கையில் ரொம்பக் கம்மியாகத்தான் வந்தது. அப்புறம் தயாரிப்பே நின்றுபோனது.

அங்கேதான் சிக்கல். ஷோரூம் கிடையாது. சர்வீஸ் சென்டர் கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெரிய கராஜுக்கு போன் போட்டோம். ‘புதுசா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல முழு செட்டும் செஞ்சு தரலாம். 28,000 ரூபாய். பத்து நாள் ஆகும்’ என்றார்கள். எங்கள் ரெண்டு பேர் பர்ஸையும் கவிழ்த்துக் கொட்டினால் 3,400 தேறியது. கையில் இருப்பது ரெண்டு நாள்.

‘புதுப்பேட்டை போங்க தம்பி’ என்றார், தெருமுனை பங்ச்சர் கடைக்காரர்.

இரும்புக் காடு

எழும்பூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, காந்தி இர்வின் ரோடு பக்கமாக வெளியே வந்து யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பொடிநடையாகவே போய்விடலாம். பேரைக் கேட்டதும் 2006-ல் செல்வராகவன் இயக்கி தனுஷ் நடித்த படம் ஞாபகத்துக்கு வந்து பயந்துடாதீங்க. இங்கே அரிவாளைவிட ஸ்பேனர்தான் ஜாஸ்தி!

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் ஊர் அறிமுகமாகும். பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ், வெல்டிங் புகை, ரப்பர், ஓரமாகக் கூவம்... எல்லாம் கலந்து ஒரு வாசனை. அடுத்தது காது. சுத்தியல் சத்தமும் கிரைண்டர் சத்தமும் நிற்கவே நிற்காது. கண்ணுக்கு வேலை அப்புறம்தான். கடை வாசலில் பம்பர்கள் தோரணமாகத் தொங்கும். கதவுகள் புத்தகம் மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும். ஹெட்லைட்டுகள் கூடை கூடையாக நம்மையே முறைக்கும். கியர் பாக்ஸ் மேல் உட்கார்ந்து ஒருத்தர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

‘காலையில பைக் காணாமப்போனா சாயங்காலம் புதுப்பேட்டையில பார்ட் பார்ட்டா வாங்கிக்கலாம்’ என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அந்த ஜோக்கைக் கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்க்காதீங்க. ஆக்ஸிடென்ட் ஆகி இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டி, ஏலத்தில் எடுத்த வண்டி, ஓடி ஓடி ஓய்ந்த வண்டி... இப்படித்தான் சரக்கு வருது என்பார்கள். பில் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கு.

கூவத்துக்கு அந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவான பேட்டை அது. ‘பேட்டை’ என்றாலே ஒரு தொழிலும் சந்தையும் கூடுகிற இடம். அந்தக் கரையில் தறி ஓடியது. இந்தக் கரையில் வண்டியைப் பிரித்து வண்டியைச் சேர்க்கிறார்கள்.

‘கன்வெர்ட்டரைக் குடு, காசு தரேன்!’

சைலன்சர் மட்டுமே விற்கிற கடைகள் இருக்கின்றன. முதல் கடையில் எங்கள் வயசுப் பையன் ஒருத்தன். செல்போனில் போட்டோவைக் காட்டினோம். கண்ணில் பல்பு எரிந்தது.

‘‘ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் இன்னா ஜி சைலன்சரு? ஸ்ட்ரெய்ட் பைப் அடிச்சுடலாம். சத்தம் சும்மா அதிரும். அந்த கன்வெர்ட்டரைக் கயட்டிக் குடுத்துடுங்க. காசே வேணாம், மேல நானே ரெண்டாயிரம் தரேன்!’’

நண்பன் என் கையைக் கிள்ளினான். யோசிச்சுப் பாருங்க... 28,000 எங்கே, கைக்கு 2,000 வருவது எங்கே! சத்தம் வேறு இலவசம். நானும் ஒரு நிமிஷம் ஆடித்தான் போனேன்.

ஆனால், ஒருத்தன் நம் குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்றால் அது குப்பை இல்லை என்று அர்த்தம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெலிசாகப் பூசப்பட்டிருக்கும். மூணுமே விலை உயர்ந்த சமாசாரம். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் பெருமளவுக்குக் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதுதான். சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்தே புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம். எங்கள் வண்டி 2001 மாடல்.

சட்டமும் சும்மா இல்லை. காற்று, சத்தம் சம்பந்தப்பட்ட விதிகளை மீறி வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. லைசென்ஸும் மூணு மாசத்துக்கு ‘கட்’!

எல்லாத்துக்கும் மேலே, அது மாமாவுடைய கார். ‘வேணாம் ஜி’ என்று நழுவினோம்.

‘தலை வலிச்சுதா?’

அடுத்த சந்தில் ஒரு பாய் கடை. அவர் போட்டோவைப் பார்த்தார். ‘‘சைலன்சர் இருக்கு தம்பி. ஆனா பைப் சைஸ் தெரியாம எதையும் தர மாட்டேன். தொழுகைக்கு நேரமாச்சு. போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள எதிர் பட்டறை அண்ணன்கிட்ட பேசிட்டிருங்க’’ என்று ஷட்டரை இறக்கினார். வெள்ளிக்கிழமை மதியம் என்பதை மறந்தே போய்விட்டோம்.

எதிரே வெல்டிங் பட்டறை. அறுபது வயசு இருக்கும். லுங்கி, பனியன், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. அந்த சந்தில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’தான். டீ சொன்னார். போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். எந்த வண்டி, என்ன சி.சி எதுவுமே கேட்கவில்லை. முதல் கேள்வியே வேற.

‘‘நேத்து இத்த ஓட்டிக்கினு வந்தீங்களே... தலை வலிச்சுதா?’’

ரெண்டு பேரும் முழித்தோம். ‘‘ஆமாண்ணா. வெயில்ல...’’

‘‘வெயிலாம் இல்ல, புகை! பைப் உடைஞ்சது எங்க? சீட்டுக்கு அடியில. கண்ணாடி மூடி இருந்துச்சா? மூடித்தான் இருந்திருக்கும், மழையாச்சே. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தா ரெண்டு பேரும் ஸ்டீயரிங் மேலயே படுத்துத் தூங்கியிருப்பீங்கடா!’’

டீ கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது. கெமிஸ்ட்ரியில் படித்து, எக்ஸாமில் எழுதி, மறந்துபோன விஷயம்தான். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம், வாந்தி, தூக்கம். உடைந்த இடம் கன்வெர்ட்டருக்குப் பின்னால் என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இன்ஜின் சூடாகாதபோதும், கன்வெர்ட்டர் பழசாகிவிட்டாலும் நச்சு வாயு அப்படியே கடந்து வரும். தரையில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டை, கியர் லீவர் அடியில் கிழிந்த ரப்பர் உறை... உள்ளே நுழைய அது போதும்.

சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குகிற டப்பா என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். புகையை உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவதுதான் அந்தக் குழாயின் முதல் வேலை. சத்தமெல்லாம் அப்புறம்.

‘‘நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு, ரோட்ல கூட்டம் சேர்றதுக்கு முன்ன கொண்டாங்க. மேல் துணியக் கழட்டிட்டு, கண்ணாடிய எறக்கிட்டு, மெதுவா வரணும். வர்றப்ப பைப் சைஸ் எடுத்தாங்க’’ என்றார் அண்ணா.

சைஸ் எடுக்க ஒரு சுலப வழியும் சொன்னார். பைப்பைச் சுற்றி நூலைக் கட்டி, அந்த நூலின் நீளத்தை அளந்து, 3.14-ஆல் வகுக்க வேண்டும். ஸ்கூலில் படித்த ‘பை’ முதல்முறையாகப் பைப்புக்குப் பயன்பட்டது!

டப்பாவுக்குள்ளே தண்ணீர்

சனிக்கிழமை காலை. சந்துக்குள் ஸ்டார்ம் நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. ‘இன்னா வண்டிபா இது!’ என்று பாய் கடைப் பையன்கள் பானெட்டைத் தடவிப் பார்த்தார்கள். அண்ணா மட்டும் கீழே போய்ப் படுத்துவிட்டார். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. இரும்பு ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பைப் ஆறும் வரைக்கும் காத்திருந்த பிறகுதான்.

துருப்பிடித்த போல்ட்டுகள் அசையவே இல்லை. ஆயில் விட்டு, தட்டி, மறுபடி ஆயில் விட்டு... ஒன்று தலை உடைந்தே போனது. டிரில் போட்டு எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பழைய சைலன்சர் வெளியே வந்தது. அண்ணா அதைச் செங்குத்தாகத் தூக்கிச் சாய்த்தார். காபி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது!

‘‘மழைத் தண்ணியாண்ணா?’’

‘‘இல்ல. பெட்ரோல் தண்ணி.’’

நம்ப மாட்டீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. தூரமாக ஓட்டினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அது ஆவியாகவே வெளியே போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்தில் அணைத்தால்? ஆவி குளிர்ந்து டப்பாவுக்குள்ளேயே தண்ணீராகத் தேங்கும். உள்ளிருந்தே துரு தின்னும். மாமா வீடு திருவான்மியூர். கடற்கரை உப்புக்காற்று வெளியிலிருந்து தின்றிருக்கிறது. ஸ்பீடு பிரேக்கர் பாவம், கடைசி அடியைத்தான் கொடுத்தது!

ஆனால், அசல் குற்றவாளி அதுவும் இல்லை என்றார் அண்ணா. கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டினார். நடுவில் பிய்ந்திருந்தது. சைலன்சர் முழுக்க இப்படிப்பட்ட ரப்பர்களில்தான் தொங்குகிறது. இன்ஜின் ஆடும்போது பைப்பும் சேர்ந்து ஆட வேண்டும், உடையக் கூடாது. அதற்காகத்தான் ரப்பர். ஒன்று அறுந்தால் மொத்த எடையும் அடுத்த ஜாயின்ட்டில் விழும். அங்கே மெலிசாக விரிசல். விரிசல் வழியே புகை. பாய் கடையில் அந்த ரப்பர் விலை... 60 ரூபாய்.

நூல் கணக்கை வைத்து பாய் ஒரு செகண்ட்ஹேண்ட் சைலன்சரை எடுத்துத் தந்தார். நண்பன் சும்மா இருப்பானா? ‘‘இதைவிடப் பெரிய பைப்பாப் போட்டா பவர் ஏறுமில்ல பாய்?’’ என்றான். பாய் சிரித்தார். ‘‘தம்பி, சின்ன இன்ஜினுக்குப் பெரிய பைப் போட்டா புகையோட வேகம் கொறஞ்சிடும். சிக்னல்ல இழுக்கவே இழுக்காது. சத்தம்தான் ஸ்போர்ட்ஸ் கார், வண்டி மாட்டு வண்டி!’’

வெல்டிங்கை மட்டும் வண்டியில் வைத்துப் பண்ணவே இல்லை அண்ணா. எல்லாத் துண்டுகளையும் அதனதன் இடத்தில் பொருத்திப் பார்த்து, சாக்பீஸில் கோடு போட்டு, மொத்தத்தையும் கழட்டி வெளியே கொண்டுவந்து வைத்துத்தான் பற்றவைத்தார். ‘‘ஃபைபர் பாடிடா. ஒரு பொறி பட்டாப் போச்சு.’’ திரும்ப மாட்டும்போது பைப்புக்கும் பாடிக்கும் நடுவே விரல் விட்டு இடைவெளி பார்த்தார். ஒரு இடத்தில் நெருக்கமாக இருந்தது. அங்கே அலுமினியத் தகடு ஒன்றை வளைத்து மறைப்பு கொடுத்தார். கன்வெர்ட்டரைத் தொடவே இல்லை.

கடைசியில் டெஸ்ட். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின்னால் பைப் வாயைத் தடித்த ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்தார். எங்கேயாவது ‘உஸ்’ என்று வந்தால் அங்கே லீக். ஜாயின்ட்டில் எல்லாம் சோப்புத் தண்ணி அடித்தார். ஒரு குமிழி வரவில்லை.

கணக்கு இதோ: சைலன்சர் 1,400, பைப்பும் பெண்டும் 350, ரப்பர் ரெண்டு 120, கேஸ்கெட், கிளாம்ப் 180, கூலி 800. ஆக மொத்தம் 2,850 ரூபாய். மிச்சத்தில் சந்திலிருந்த எல்லோருக்கும் டீ!

மாமா வந்தார்

திரும்பும்போது ஒரு சின்ன வருத்தம். சிக்னலில் ஒருத்தர்கூட எங்கள் சத்தத்தைக் கேட்டுத் திரும்பவில்லை. வண்டி பூனை மாதிரி போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சொல்லிடலாமா, வேணாமா என்று எங்களுக்குள் ராத்திரி பூரா பட்டிமன்றம். மாமா சாவியை வாங்கி ஸ்டார்ட் பண்ணினார். காதைச் சாய்த்தார். ‘‘என்னடா... சத்தமே வரலை?’’

மாட்டிக்கொண்டோம். மாமல்லபுரத்திலிருந்து பாய் கடை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினோம். தலைவலியைச் சொன்னபோது மாமா முகம் மாறியது. ‘‘ரெண்டு மாசமா எனக்கும் இந்த வண்டியில போயிட்டு வந்தாத் தலைவலிடா. கண்ணாடி பவர் ஏறிடுச்சுனு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கி வெச்சிருக்கேன்...’’

அதாவது, எங்கள் ‘டங்’குக்கு முன்னாலேயே விரிசல் இருந்திருக்கிறது. உடைந்ததால்தான் தெரிந்தது!

திட்டு விழாமலா இருக்கும்? விழுந்தது, அரை மணி நேரத்துக்கு. சாவி இப்போது பீரோவுக்குள். ஆனால், அடுத்த சனிக்கிழமை மாமா என்னிடம் தனியாக வந்து கேட்டார்: ‘‘அந்த வெல்டிங் அண்ணன் கடை எந்த சந்துனு சொன்னே? பின்னாடி ரப்பர் எல்லாத்தையும் ஒருதடவை பார்த்துடலாம்...’’

புதுப்பேட்டை கிளம்புறீங்களா?

* உடைந்த பாகத்தைக் கழட்ட முடிந்தால் கையோடு எடுத்துட்டுப் போங்க. முடியாவிட்டால் நாலு பக்கமும் போட்டோ, நூல் அளவு.

* ரெண்டு மூணு கடை ஏறி விலை கேளுங்க. பேரம் பேசலாம், ஆனா சிரிச்சுக்கிட்டே பேசுங்க. பில் கேட்க வெட்கப்படாதீங்க.

* ஜி.ஐ பைப்பில் சைலன்சர் செய்து தரேன் என்றால் வேண்டாம். துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

* வண்டியில் வைத்தே வெல்டிங் பண்ண வேண்டிய நிலை வந்தால், முதலில் பேட்டரி வயரைக் கழட்டச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பாக்ஸ் அவுட் ஆகலாம்.

* வெள்ளிக்கிழமை மதியம் போனால் பாய் கடைகளில் தொழுகை முடியும் வரைக்கும் காத்திருக்கணும். டீ நல்லா இருக்கும்.

* வண்டி சத்தம் மாறினால், கூடவே தலை வலித்தால், மாத்திரையைத் தேடாதீங்க. கண்ணாடியை இறக்கி, ஓரங்கட்டி, இறங்கிடுங்க. தலைவலி குறையாமல் மயக்கமும் சேர்ந்தால் மெக்கானிக்கிடம் அப்புறம் போகலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க!